வெள்ளிங்கிரியின் முன்னிழல்

பஞ்சுக்கிடங்கு வீதியில் ஆட்களுக்கு முன்னால் அவர்களுடைய நிழல்கள் போக ஆரம்பித்தது, மயிலாத்தாளின் பழைய கம்ப்யூட்டருக்கு வெள்ளிங்கிரி புதுச் சிஸ்டம் போட்டுக் கொடுத்த மறுநாள் காலையில். முதலில் பார்த்தவன் டீக்கடை சுப்பணன். அடுப்பைப் பற்றவைத்துவிட்டு நிமிர்ந்தவன் முன்னால், தறிக்காரர் பழனியப்பனின் நிழல் தரையில் படுக்காமல் ஆள் நிற்பது போல எழுந்து நின்றுகொண்டு, டம்ளருக்குக் கை நீட்டியது. பால் ஒரு பொங்கு பொங்கி அடங்கிய பிறகு பழனியப்பன் நடந்து வந்து, சட்டைக்குள் நுழைவது போல அந்த நிழலுக்குள் நுழைந்து, அதே கையால் டம்ளரை வாங்கிக்கொண்டார்.

"என்னண்ணா, உங்களுக்கு முன்னாடியே உங்க நெழலு வந்துருச்சு" என்றான் சுப்பணன்.

"அதுக்கும் சேத்திக் காசு கேப்பியாடா?" என்றார் பழனியப்பன்.

அதற்கு மேல் அங்கே அதைப் பற்றிப் பேச்சில்லை, ஏனென்றால் அன்று தண்ணீர் வரும் நாள், குடங்கள் குழாயடியில் வரிசையாகி வெகுநேரம் ஆகியிருந்தது, ஆனால் தண்ணீர் வருவதைச் சொல்கிற குரல் வரவில்லை.

அந்தக் குரல் நாச்சிமுத்துவுடையது. நாச்சிமுத்து செத்து மூன்று வருஷம் ஆகிறது. மயிலாத்தாளின் புருஷன், மைக் செட் வைத்திருந்தவர்; ஆட்டோவில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டு ஊரெல்லாம் வாய் வலிக்கக் கத்தியவர், பிற்பாடு ஒரு கம்ப்யூட்டரை வாங்கிப் போட்டு, சொல்ல வேண்டியதை அதில் ஒரு தடவை பேசிப் பதிந்து வைத்துக்கொண்டார். குடிநீர் வருவது, மாரியம்மன் கோயிலில் கம்பம் போடுவது, இன்னார் காலமாகிவிட்டது, நீலச் சட்டை போட்ட பையனைக் காணவில்லை, இலவசக் கண் முகாம், எல்லாம் அவர் குரலில் அதற்குள் இருந்தது. அவர் போன பிறகு, மயிலாத்தாள் காலையில் விளக்குப் போட்டதும் அதில் ஏதாவது ஒன்றை வீதிக்குக் கேட்கிற மாதிரி வைப்பாள். கைக்கு எது வருகிறதோ அது. எப்போதோ முடிந்துபோன கண் முகாமுக்கு வீதி தினமும் அழைக்கப்பட்டது. காணாமல் போன நீலச் சட்டைப் பையன் இப்போது இரண்டு பிள்ளைகளுக்கு அப்பன், பல் விளக்கிக்கொண்டே அதைக் கேட்டுச் சிரிப்பான். பழனியப்பனின் அப்பா காலமான செய்தி எப்போதாவது வரும், அப்போதெல்லாம் பழனியப்பன் தோளில் கிடக்கும் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு அது முடிகிற வரைக்கும் நிற்பார். தண்ணீர் வரும் நாளில் மட்டும் அவள் தேடிப் பிடித்துத் தண்ணீரையே வைப்பாள். பெண்கள் அதைக் கேட்டுத்தான் குடம் எடுப்பார்கள்.

அந்தக் கம்ப்யூட்டர் வர வர நகரவே மாட்டேன் என்றது. ஒரு குரலைக் கேட்க விளக்குத் திரி கருகுகிற வரைக்கும் காத்திருக்க வேண்டியிருந்தது. அப்போதுதான் வெள்ளிங்கிரி, "குடுங்க அம்மிணி, புதுச் சிஸ்டம் போட்டுட்டாக் குதிர மாதிரி ஓடும். ஒரு காப்பி குடிக்கற நேரமுங்க" என்றார்.

வெள்ளிங்கிரி நூல் மில்லில் ஸ்டோர் பார்த்து ஓய்வு பெற்றவர். போல்ட்டு எந்தப் பெட்டியில், நட்டு எந்தப் பெட்டியில் என்று கண்ணைக் கட்டிவிட்டாலும் எடுப்பார், ஒன்று இடம் மாறினால் அன்று அவருக்குச் சோறு இறங்காது. வீட்டில் இருந்த கம்ப்யூட்டருக்கு ஒருமுறை சிஸ்டம் போட்டார். பஸ் ஸ்டாண்டில் பென் டிரைவ் விற்கிற கடைக்காரர் போனில் ஒவ்வொரு பட்டனாகச் சொல்லச் சொல்லப் போட்டது அது, ஆனால் வீதியில் யாரிடமும் அந்தப் போனைப் பற்றி அவர் சொல்லியிருக்கவில்லை.

மேசை மேல் மயிலாத்தாளின் கம்ப்யூட்டரை வைத்து, பென் டிரைவைச் செருகி உட்கார்ந்தார். மனைவி அமராவதி காப்பியைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். டிஸ்க் மூன்று துண்டாகக் கிடப்பதாகத் திரை காட்டியது. மூன்று மூலையில் சரக்குக் கிடந்தால் ஸ்டோர்காரனுக்குக் கை சும்மா இருக்குமா? மூன்றையும் கூட்டி ஒன்றாக்கினார். உள்ளே இருப்பதெல்லாம் போய்விடும், சம்மதமா என்று திரை கேட்டது. சம்மதம் என்று தட்டினார். நிச்சயமாகவா என்று மறுபடி கேட்டது. மறுபடி தட்டினார். இதெல்லாம் சடங்குக்குக் கேட்பது, தட்டிக்கொண்டே போக வேண்டியதுதான் என்று அவருக்கு எண்ணம்.

அதற்குப் பிறகு திரை இன்னொன்றைக் கேட்டது: எந்த ஃபைல் சிஸ்டம்? அங்கேதான் அவர் கை நின்றது. ஒரு வகை, சொன்னதை உடனே செய்து முடித்துவிடும், வேகம். இன்னொரு வகை, தான் செய்யப் போவதை முதலில் தனியாகக் குறித்து வைத்துவிட்டுத்தான் செய்யும். நடுவில் கரண்டு போனாலும், திரும்பி வந்ததும் குறித்ததை எடுத்துப் பார்த்து மிச்சத்தை முடித்துவிடும். எது நல்லது? படித்தார், திரும்பப் படித்தார், காப்பியில் ஆடை கட்டியது. கடைக்காரருக்குப் போன் போடலாம், ஆனால் அமராவதி அடுப்படியில் இருக்கிறாள். காப்பி குடிக்கிற நேரம் என்று வேறு சொல்லியாகிவிட்டது. முகம் சுட்டது. தெரியவில்லை என்ற ஒரு சொல்லை யாரிடமும் சொல்ல முடியாமல், துண்டைப் போட்டுக்கொண்டு எழுந்து, வீதிக் கோடியில் இருக்கும் கருப்பராயன் கோயிலுக்குப் போனார்.

கிணறு தோண்டவும், பெண் கொடுக்கவும், வழக்குப் போடவும் அந்தப் பக்கத்தில் சாமியிடம் பூக் கேட்பார்கள். வெள்ளை அரளி ஒன்று, செவ்வரளி ஒன்று, தனித்தனியாக இலையில் மடித்து சாமி முன்னால் போட்டு, ஒன்றை எடுப்பது. செவ்வரளி என்றால் வேகம், வெள்ளை என்றால் குறித்து வைத்துச் செய்வது என்று வெள்ளிங்கிரி மனசுக்குள் வைத்துக்கொண்டார்.

"என்ன காரியமுங்க?" என்றார் பூசாரி ஆறுக்குட்டி.

"ஒரு காரியம், ரெண்டு வழி. எந்த வழின்னு சாமி சொல்லோணும். அவ்வளவுதான்."

இலையைப் பிரித்தார்கள். வெள்ளை. வெள்ளிங்கிரி கன்னத்தில் போட்டுக்கொண்டு வந்து அதையே தட்டினார். சிஸ்டம் ஏறி முடிந்தது. நிஜமாகவே குதிரை மாதிரி ஓடியது. ஒப்படைப்பதற்கு முன்னால் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பவர் ஆதலால், நாச்சிமுத்துவின் குரல் எங்கே என்று தேடினார். இல்லை. கண் முகாம் இல்லை, கம்பம் இல்லை, நீலச் சட்டை இல்லை. மூன்றாவது துண்டு என்ன என்று அவருக்கு அப்போதுதான் விளங்கியது.

சாயங்காலம் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு போய் மயிலாத்தாள் வீட்டில் வைத்தார். "ஆச்சுங்களா அண்ணா?" என்றாள். "ஆச்சுங்க" என்றார். உட்காரச் சொல்வதற்குள் திரும்பிவிட்டார்.

மறுநாள் காலை, நிழல்கள் முன்னால் போக ஆரம்பித்த அந்தக் காலை, குழாயடியில் எல்லாக் குடங்களும் பார்த்திருக்க மயிலாத்தாள் கேட்டாள்: "அவுரு பேச்சு ஒண்ணுமே காணோமுங்களே அண்ணா?"

"டிஸ்கு முன்னமே கெட்டுப் போயிருந்துதுங்க அம்மிணி. நான் கைய வைக்கறதுக்கு முன்னாலயே போயிருந்துது."

"செரிங்க" என்றாள். குடத்தைக்கூட நிரப்பாமல் போனாள்.

வெள்ளிங்கிரி வீட்டுக்குத் திரும்பியபோது அவர் கேட்டுக்கு முன்னால் ஒரு நிழல் நின்றது. கொண்டையும் நிற்கிற தினுசும் மயிலாத்தாள்தான். மார்புக்கு நேரே தூக்கிய கையில் வட்டமாக என்னவோ இருந்தது.

"என்னத்த வெச்சிருக்கறா?" என்றாள் அமராவதி, ஜன்னல் வழியாகப் பார்த்து.

"கல்லு" என்றார் வெள்ளிங்கிரி. அன்றிலிருந்து அவர் புறக்கடை வழியாகவே போய் வந்தார்.

வீதி சீக்கிரமே விஷயத்தைப் புரிந்துகொண்டது. செய்ய நினைத்தால் நிழல் முதலில் போகும், ஆள் பின்னால் போய்ச் செய்தால் இரண்டும் ஒன்றாகும், ஆள் போகாமல் இருந்துவிட்டால் நிழல் அங்கேயே நிற்கும். முன்னிழல் என்று பெயரும் வைத்துவிட்டார்கள். டீக்கடை பெஞ்சில் சர்க்கரை வியாதிக்காரர்களின் முன்னிழல்கள் இடம் போதாமல் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. ரேஷன் கடையில் விடியும் முன்னால் நிழல்கள் வரிசை கட்டிவிட, நிழலுக்கு இடம் கிடையாது, ஆளுக்குத்தான் இடம் என்று ஒரு பெரிய சண்டைக்குப் பிறகு முடிவானது. மத்தியானத்தில் முன்னிழல்கள் குளுகுளுவென்று இருந்ததால் நாய்கள் அவற்றுக்குள் படுத்துத் தூங்கின. பெண்கள் அவற்றைச் சுற்றிக் கோலத்தை வளைத்துப் போட்டார்கள். பழனியப்பனின் முன்னிழல் ஒன்று, பாகப் பிரிவினையில் பேச்சில்லாமல் போன தம்பி வீட்டு வாசலில் கையை ஓங்கிக்கொண்டு நின்றது, தம்பி பொண்டாட்டி அந்தக் கையில் ஈரத்துணியைக் காயப் போட்டாள். எலக்ட்ரீசியன் தங்கராசுவின் மனைவி எப்போது கிளம்பிப் போக நினைத்தாள் என்று யாருக்கும் தெரியாது, அவள் நிழல் பஸ் நிறுத்தத்தில் பையோடு நின்றது, தங்கராசு ஒருநாள் போய் அதன் பக்கத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வந்து, கல்யாணமான இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, "சாப்பிட்டியா?" என்று மனைவியைக் கேட்டான்.

வெள்ளிங்கிரியின் முன்னிழல் மயிலாத்தாள் வாசலில் நின்றது. பொழுது சாயும்போது அவர் செருப்பைப் போடுவார், இன்றைக்குப் போய்ச் சொல்லிவிடுவது என்று நினைப்பார், நினைத்த உடனே நிழல் எழுந்து வீதியில் இறங்கி நடக்கும், அது போவதைப் புறக்கடைக் கதவிடுக்கில் பார்ப்பார், பார்த்ததும் அவருக்கு உடம்பெல்லாம் கூசும், செருப்பைக் கழற்றிவிடுவார். ஒவ்வொரு நாளும் புது நிழல் பழைய நிழலுக்குள்ளேயே போய் நின்றதால் அது வர வரக் கறுத்து, வீதியிலேயே கறுத்த நிழலாக, வாயைத் திறந்தபடி நின்றது. மயிலாத்தாள் காலையில் அதைச் சுற்றிப் பெருக்கித் தண்ணீர் தெளித்தாள். அதன் பக்கம் நிமிர்ந்து பார்க்க மாட்டாள்.

ஆனால் மற்றவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"புருசனில்லாத வீட்டு வாசல்ல அந்த மனுசனோட நெழலுக்கு என்ன வேல?"

"நின்னாக் கூடப் பரவால்லக்கா. வாயத் தொறந்துட்டு நிக்குது."

குழாயடியில் மயிலாத்தாள் வந்தால் பேச்சு நின்றது. அவள் குடம் வைத்தால் பக்கத்துக் குடங்கள் விலகின. இதைப் புறக்கடை வேலி வழியாக வெள்ளிங்கிரியே ஒருநாள் பார்த்தார். தான் அழித்தது அவள் புருஷனின் குரலை மட்டும் அல்ல, இப்போது அவள் பெயரையும்தான் என்று தெரிந்தும், சாயங்காலம் செருப்பைப் போட்டார், கழற்றினார்.

பூசாரி ஆறுக்குட்டியிடம் போய், "சாமி, நான் கேட்டது ஒரு மிஷினுக்குத்தானுங்க" என்று மெல்ல ஆரம்பித்து நடந்ததைச் சொன்னார்.

"மிஷினுக்குன்னு என்றகிட்டச் சொன்னீங்களா? ஒரு காரியம், ரெண்டு வழின்னு சொன்னீங்க. குறிச்சு வெச்சுச் செய்யற அந்த வழியச் சாமி வீதிக்கே குடுத்துருச்சு."

"திருப்ப முடியுமுங்களா?"

"கேட்டுத்தான வாங்குனீங்க. கேட்டு வாங்குனதத் திருப்பறதுக்கு நான் என்ன கடையா வெச்சிருக்கறன்?"

அந்த வாரத்தில் டீக்கடைப் பக்கத்து டிரான்ஸ்ஃபார்மர் வெடித்து, வீதியின் அந்தப் பாதிக்கு மட்டும் கரண்டு போய் வந்தது. வந்த மாத்திரத்தில் பெஞ்சில் இருந்த முன்னிழல்கள் எல்லாம் டீயை எடுத்துக் குடித்துவிட்டு எழுந்து போயின, சர்க்கரை வியாதிக்காரர்கள் அவரவர் வீட்டில் தலை சுற்றி உட்கார்ந்தார்கள். பழனியப்பனின் முன்னிழல் ஓங்கிய கையை இறக்கியது. வாசலுக்கு வந்திருந்த தம்பி கன்னத்தில் நாலு விரலும் பதிந்தது. தறியில் இருந்த பழனியப்பன் ஓடிவந்து, "நான் அடிக்கலடா சாமி, என்னைக்கோ நெனச்சதுடா" என்று அழுதார்.

"நெனச்சது நீதான? அப்ப அடிச்சதும் நீதான்" என்றான் தம்பி. ஆனால் பேசிவிட்டான், அதுவே பல வருஷத்துக்குப் பிறகு.

ஆக, கரண்டு போய் வந்தால், நின்றதெல்லாம் தானாக நடந்து முடியும் என்று வீதிக்குத் தெரிந்துபோயிற்று. மாதாந்திரப் பராமரிப்புக்காக வரும் சனிக்கிழமை ஊர் முழுக்கக் காலையிலிருந்து சாயங்காலம் வரை மின்சாரம் இருக்காது என்று மின்வாரியத்தில் இருந்து சேதியும் வந்தது. வெள்ளிக்கிழமையே தங்கராசுவின் மனைவி பையை எடுத்துக்கொண்டு, நிழல் போவதை விட நானே போய்விட்டு வருகிறேன் என்று தங்கராசுவிடமே பஸ்ஸுக்குக் காசு வாங்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போனாள்.

சனிக்கிழமை மத்தியானம் வெள்ளிங்கிரி கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். அமராவதி விசிறியோடு வந்து உட்கார்ந்தாள்.

"பொம்பள விசயம்னு ஊரே பேசுது. நான் நம்பல. அதுக்கெல்லாம் ஒரு துணிச்சல் வேணும், உங்களுக்கு ஏது?"

அவர் சுவரோடு இன்னும் ஒண்டிக்கொண்டார்.

"கரண்டு வந்தா அது வாயத் தொறந்து என்னமோ சொல்லப் போகுது. என்னன்னு எனக்குத் தெரியாது. ஆனா ஒண்ணு. உங்க நெழலு அங்க நின்னு சொல்லி, நீங்க இங்க படுத்துக் கெடந்தீங்கன்னா, நாளையில இருந்து நான் அந்த நெழலுக்கே சோறாக்கிப் போட்டுக்கறேன். அதுக்காச்சும் வாயிருக்குது."

சாயங்காலம், விசிறி ஓடாத வீடுகளை விட்டு வீதி முழுக்க வாசலுக்கு வந்து உட்கார்ந்திருந்த நேரத்தில், வெள்ளிங்கிரி முன்கதவைத் திறந்தார். கேட்டில் நின்ற மயிலாத்தாளின் நிழலையும் அதன் கையில் இருந்த கல்லையும் தாண்டும்போது கண்ணை மூடிக்கொண்டார். பிறகு நடந்தார். பேச்சுகள் ஒவ்வொரு வாசலாக நின்றன. மயிலாத்தாள் வாசலில் தன் நிழல் நிற்பதைக் கிட்டத்தில் அன்றுதான் பார்த்தார். முதுகைக் கூனிக்கொண்டு நின்ற அதைப் பார்க்க யாரோ பிச்சைக்கு வந்தவன் போல இருந்தது. அதற்குள் நுழைந்தார். ஈரத்துணியைப் போர்த்தியது போலக் குளிர்ந்தது.

மயிலாத்தாள் படியில் உட்கார்ந்து முறத்தில் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். எழுந்திருக்கவில்லை.

"சொல்லுங்கண்ணா."

"டிஸ்கு கெட்டுப் போகலீங்க. நாந்தான் அழிச்சேன். மூணு துண்டா இருந்துது, ஒண்ணாக்குனேன். நாச்சிமுத்துப் பேச்சு மூணாவதுல இருந்துருக்குது. குழாயடியில சொன்னது பொய்யிங்க."

வீதி கேட்டுக்கொண்டிருந்தது. யாரோ ஒருத்தி "அய்யோ" என்றாள்.

"அழிக்கறதுக்கு முன்னால அது கேட்டுச்சுங்களா?"

"எதுங்க?"

"மிஷினு."

"கேட்டுதுங்க."

"எத்தன தடவ?"

"ரெண்டு தடவ."

மயிலாத்தாள் முறத்தைக் கீழே வைத்தாள். "மிஷினு உங்கள ரெண்டு தடவ கேட்டிருக்குது. நீங்க என்னைய ஒருக்காக் கேட்டிருக்கக் கூடாதுங்களா?"

"எந்த வகை போடறதுன்னு கருப்பராயங்கிட்டப் பூக் கேட்டுத்தானுங்க போட்டேன்" என்றார். தன் பக்கத்து நியாயமாகத்தான் அதைச் சொல்ல நினைத்தார். வாயை விட்டு வெளியே வரும்போதே அது எப்படிப்பட்ட சொல் என்று அவருக்கே கேட்டது.

மயிலாத்தாள் முதல் தடவையாக அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"கோயிலுக்கு என்ற வாசலத் தாண்டித்தானுங்களே போகோணும்."

அவர் தலை குனிந்தது. போகும்போதும் தாண்டினார், வரும்போதும் தாண்டினார். அன்று அவள் இதே படியில் உட்கார்ந்திருந்து, "காப்பி ஆச்சுங்களா அண்ணா?" என்று சிரித்ததும், அவர் கையைக் காட்டிவிட்டுப் போனதும் ஞாபகம் வந்தது.

"மன்னிச்சேன்னு சொல்ல எனக்கு வாய் வராதுங்க" என்றாள். "ஆனா உங்க கேட்டுல என்ற நெழலு நிக்குது. அன்னைக்கு விடியக்காலம் வந்தது, மிஷினப் போட்டுப் பாக்கறதுக்கு முன்னால. ஒருக்கா அவுரு பேச்சக் கேட்டுட்டு அப்பறம் போலாமுன்னு நின்னுட்டேன். இன்னைக்கா இருந்தா நெனச்சிருக்க மாட்டேன். என்ன பண்றது, நெனச்சது நெனச்சதுதான. கரண்டு வந்தாக் குடுத்துட்டு வந்துரும். வாங்கிக்குங்க."

"கல்லத்தானுங்களே?" என்றார் வெள்ளிங்கிரி. அடியை வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தார். அதில் அவருக்கு ஒரு நிம்மதிகூட இருந்தது.

"கல்லா?" என்றாள். "ஒப்புட்டுங்க. நல்லாப் பண்ணிக் குடுத்தீங்கன்னு வெல்லப் பூரணம் வெச்சு ஒப்புட்டுச் சுட்டேன்."

அந்த நேரம் பார்த்துக் கரண்டு வந்தது. வீதி முழுக்க விசிறிகள் முனகின, எங்கோ ஒரு வீட்டில் மிக்ஸி தானாக அலறி நின்றது, நின்றிருந்த முன்னிழல்கள் எல்லாம் அசைந்து அவரவர் வேலையை முடிக்கப் போயின. வெள்ளிங்கிரி திரும்பிப் பார்த்தபோது தன் கேட்டைத் திறந்துகொண்டு மயிலாத்தாளின் நிழல் உள்ளே போவதும், அமராவதி வெளியே வந்து இரண்டு கையாலும் தட்டை வாங்குவதும் தெரிந்தது.

வீட்டில் மேசை மேல் தட்டு இருந்தது. கரி வைத்து வரைந்தது போல நிழல் நிறத்தில் நாலு ஒப்புட்டு, சூடு ஆறாமல், நெய் மினுங்க. அமராவதி அடுப்படிக்குள் போய்விட்டாள். வேண்டாம் என்று சொல்ல எதிரே ஆள் இல்லை. பிட்டு வாயில் போட்டார். ஏலக்காயும் தேங்காயும் வெல்லமும், சந்தோஷமான மனசோடு ஒருத்தி சுட்டால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. நாலையும் தின்றார்.

ஒப்புட்டு வந்த தட்டை வெறுமனே திருப்பிக் கொடுக்கிற வழக்கம் அந்த வீதியில் இல்லை. தட்டைக் கழுவித் துடைத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அமராவதி ஒரு கை சர்க்கரை கொண்டுவந்து போடப் போனாள், தலையை ஆட்டிவிட்டார். பழம் இருக்கிறது என்றாள், அதற்கும் ஆட்டினார். என்ன போட்டுக் கொடுப்பது என்று நின்றபடியே விடிந்தது. அன்று தண்ணீர் வரும் நாள், குழாயடியில் குடங்கள் சத்தமில்லாமல் வந்து உட்கார்ந்தன.

அப்போது அவருடைய நிழல் எழுந்தது. தட்டை ஏந்திக்கொண்டு முன்கதவு வழியாக வீதியில் இறங்கி, மயிலாத்தாள் வீட்டுப் பக்கமாக நடந்தது. என்ன கொடுக்க நினைத்தோம் என்று அவருக்கே பிடிபடவில்லை, தட்டில் அது என்ன வைத்திருக்கிறது என்று பின்னாலிருந்து தெரியவும் இல்லை. தெரிந்தாக வேண்டும் போல இருந்தது. செருப்பைத் தேடவில்லை, வெறும் தட்டோடு, நிழல் அவள் வாசலைத் தொடுவதற்குள் பிடித்துவிட வேண்டும் என்று, வெள்ளிங்கிரி அதன் பின்னால் வேகமாக நடந்தார்.